சியெனாவில் எடுத்த வீடு

பஹ்ரைனில், மனாமா நகரின் குதைபியா பக்கம் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நளினிக்கு வேலை. வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களிடம் இந்தியிலும் மலையாளத்திலும் அரைகுறை அரபியிலும் "கொஞ்சம் உட்காருங்க" என்று சொல்லியே வருடங்கள் ஓடிவிட்டன. லீவு என்றால் கோயம்புத்தூர். அங்கே போனால் கல்யாணம், வளைகாப்பு, மாமியார் வீட்டில் எத்தனை நாள், அம்மா வீட்டில் எத்தனை நாள் என்கிற மனத்தாங்கல். இந்த வருடம் கணவன் முரளிதரனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நம்மளை யாருக்குமே தெரியாத ஊருக்குப் போலாங்க. ஒரே ஒரு தடவை."

எட்டு வயது மகள் அனன்யா தேர்ந்தெடுத்த ஊர் இத்தாலியில் இருக்கிற சியெனா. குன்றின்மேல் செங்கல் நிறத்தில் நெருக்கியடித்து நிற்கும் பழைய ஊர். ஹோட்டல் வேண்டாம், அடுப்புள்ள வீடாக வாடகைக்கு எடுப்போம் என்று நளினி சொன்னாள். முரளிதரனுக்கு ரசம் இல்லாமல் நாலு நாள் தாங்காது. இணையத்தில் தேடித் தேடி ஒரு வீட்டைப் பிடித்தாள். நான்காவது மாடி, உத்தரம் தெரியும் கூரை, ஜன்னலைத் திறந்தால் மணிக்கூண்டு. வீட்டுக்காரப் பெண்ணிடம், இரண்டு பெரிய பாத்திரம் இருக்குமா, மசாலா வாசனைக்கு அக்கம்பக்கத்தில் ஏதும் சொல்வார்களா என்றெல்லாம் கேட்டு வைத்தாள்.

படங்களை எல்லாம் பார்த்துவிட்டு முரளிதரன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கீழ இறங்க எத்தனை வழி?"

"படிக்கட்டுதான். லிஃப்ட் இல்லையாம். ஏன், முட்டி வலிக்குதா?"

"ஒரு படிக்கட்டுதானா?" என்றான்.

ஒரு கட்டுமானக் கம்பெனியின் கட்டிடங்களைப் பராமரிக்கிற பொறுப்பு அவனுடையது. அலுவலகம், கிடங்கு, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் எல்லாம் அதில் அடக்கம். வேலையைப் பற்றி வீட்டில் பேசுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. ஆனால் கிளம்பும் நாள் நெருங்க நெருங்க அவன் ஒரு மாதிரி ஆகிக்கொண்டே போனான். தட்டில் சோறு அப்படியே இருந்தது. கேட்டால் வெயில் என்றான்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மூவரும் பெட்டி வாங்கக் கடைக்குப் போனார்கள். திரும்பும்போது அவன் காரை வேறு பாதையில் திருப்பி, கேம்ப் எதிரே நிறுத்தினான். பழைய ஐந்து மாடிக் கட்டிடம். ஜன்னலுக்கு ஜன்னல் ஏசி பெட்டிகள், துணிகள், தொங்கும் வயர்கள். கீழ்த்தளத்துச் சமையலறைக்கு வெளியே கேஸ் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. முரளிதரன் இறங்காமல் மொட்டை மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் இருந்த ஒருவர் காரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், சோலையப்பன் என்று பெயர். கேம்ப் ஆட்களுக்கு எது வேண்டுமென்றாலும் முரளிதரனிடம் பேசுகிறவர் அவர்தான்.

"சார், மேல் கதவு விசயம் என்னாச்சு? பயலுக கேட்டுக்கிட்டே இருக்காய்ங்க."

"லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம் சோலை."

"அடுப்படியில வயரு வேற கருகி நாத்தம் அடிக்குது சார்."

"எலக்ட்ரீஷியனை அனுப்பறேன்" என்று சொல்லி அவன் வண்டியைக் கிளப்பினான். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததை நளினி கவனித்தாள். என்ன கதவு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, வழக்கமான தலைவலி என்றான்.

சியெனாவில் வீட்டுக்காரப் பெண் படியேறி வந்து சாவி கொடுத்தாள். குறுகலான கல் படிகள், பகலிலும் இருட்டு. தடித்த மரக் கதவை உள்பக்கமும் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும், திறக்கவும் சாவி வேண்டும் என்று அவள் செய்து காட்டினாள்.

"சாவி தொலைஞ்சா?" என்று முரளிதரன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"எனக்கு போன் செய்யுங்கள்" என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் நளினியும் அனன்யாவும் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். கிண்ணம் போல் நடுவில் தாழ்ந்த பெரிய சதுக்கத்தில் ஜனங்கள் வெறும் தரையில் படுத்துக் கிடந்தார்கள். தாயும் மகளும் அவர்களைப் போலவே படுத்து, ஐஸ்கிரீம் தின்று, வானத்தில் கிறீச்சிட்டுச் சுழலும் கருங்குருவிகளைப் பார்த்தார்கள். முரளிதரன் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். திரும்பி வந்தபோது அவன் கதவை விரியத் திறந்துபோட்டு, அதற்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா இஸ் பீயிங் வியர்டு" என்று அனன்யா அம்மாவின் காதில் சொன்னாள்.

மூன்றாம் நாள் மதியம் நளினி ரசத்துக்குத் தாளித்தாள். பழக்கமில்லாத அடுப்பு, மெல்லிய வாணலி. மிளகாய் போட்ட வேகத்தில் கருகிப் புகை கிளம்பியது. கமறல் தொண்டையைப் பிடித்தது. அவள் இருமிக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். மரப்பலகை சிக்கிக்கொண்டு அசைய மறுத்தது.

அப்போதுதான் முரளிதரன் அலறினான். அது மனிதர் போடும் சத்தமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அனன்யாவை இடுப்போடு அள்ளிக்கொண்டு, "வா, வா, வா" என்று கத்தியபடி படிகளில் பாய்ந்தான். நளினி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். தெருவில் அவன் வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். முழங்கையில் ரத்தம். குழந்தை பயந்து அழுதுகொண்டிருந்தது.

"மிளகாய்ங்க. வெறும் மிளகாய்" என்றாள் நளினி.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்.

கேம்ப்பில் இருப்பது ஒரே படிக்கட்டு. தீப்பிடித்தால் கீழ்த்தளத்தில்தான் பிடிக்கும். புகை மேலே ஏறும். ஆட்கள் தப்பிக்க மொட்டை மாடி ஒன்றுதான் இருந்தது. மேலே போய்ப் படுக்கிறார்கள், பக்கத்துக் கட்டிடத்தார் புகார் சொல்கிறார்கள் என்று மேனேஜர் அந்தக் கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொன்னார். ஆள் வைத்துச் செய்தவன் முரளிதரன்.

"வேண்டாம் சார்னு ஒரு தடவை சொன்னேன் நளினி. 'கலாஸ், முடிஞ்சுது, பேசாதே'ன்னுட்டார். அதுக்கப்புறம் நான் வாயே திறக்கல."

"இப்ப அதுக்குள்ள எத்தனை பேரு?"

அவன் முழங்கை ரத்தத்தைச் சட்டையில் துடைத்தான்.

நளினிக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அவன் காரை நிறுத்தி அண்ணாந்து பார்த்தபோது அவள் மடியில் இருந்த புதுப் பெட்டியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். வயர் கருகுகிறது என்று ஒருவர் சொன்னதை அவளும்தானே கேட்டாள்?

"போன் போடுங்க."

"வேலை போயிரும். விசா போயிரும். அனன்யா ஸ்கூல்..."

"தெரியும். போடுங்க."

அவன் போனை எடுத்துத் திரையையே பார்த்தான். அவளே போனை வாங்கி சோலையப்பனுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சோலையப்பன் அண்ணா, நான் முரளிதரன் வீட்டுக்காரி பேசறேன். அந்த மாடிக் கதவை வெட்ட உங்ககிட்ட மிஷின் இருக்குமா?"

"கட்டிங் கிரைண்டர் இருக்கும்மா. ஆனா கேட்டா என்ன சொல்றது? சார் சொன்னாருன்னு சொல்லலாமா?"

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். நளினி கணவனைப் பார்த்தாள். அவனுக்குப் பதிலாக அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

முரளிதரன் போனருகே குனிந்தான். "சொல்லு சோலை. நான்தான் வெட்டச் சொன்னேன்னு சொல்லு. இப்பவே வெட்டு. சிலிண்டரை எல்லாம் கட்டிடத்தை விட்டுத் தள்ளி காம்பவுண்டு ஓரமா வை."

சாயங்காலம் சோலையப்பனிடமிருந்து படம் வந்தது: அறுபட்ட இரும்புப் பட்டை, திறந்த கதவு, அதற்கப்பால் வெளுத்த வானம். படம் வந்த சற்று நேரத்தில் மேனேஜரின் போனும் வந்தது. அவர் கத்தவில்லை. "வா, நேரில் பேசலாம்" என்று அமைதியாகச் சொல்லி வைத்தார். மிச்ச நாட்களை மூவரும் சேர்ந்தே கழித்தார்கள். தேவாலயங்களில் நின்றார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். எந்தப் படத்திலும் முரளிதரன் கேமராவைப் பார்க்கவில்லை.

பஹ்ரைன் திரும்பியதும் வேலை போனது. கேம்ப் வழியாகப் போகையில் மேலே ஏறிப் பார்த்தால், மாடிக் கதவில் புதிதாக ஒரு பட்டை ஏறியிருந்தது, முன்பைவிடத் தடிமனாக. அன்றே முரளிதரன் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனான். நளினியும் கிளினிக்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு உடன் போய் உட்கார்ந்தாள். தானே வெல்டிங் வைத்ததையும் அவன் மறைக்கவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்துக் கட்டிடத்தைக் காலி செய்ய உத்தரவிட்டார்கள். முரளிதரனுக்குப் பல மாதம் கழித்து ஒரு குளிர்சாதனக் கடையில் பாதிச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. சின்ன வீட்டுக்கு மாறிக்கொண்டார்கள். நளினி சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறாள்.

கேம்ப்பில் இருந்தவர்களை ஒரே நாளில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று அவர்களுக்கே அப்போது தெரியாது. "புது எடத்துல கதவெல்லாம் எப்படின்னு போயிப் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று சோலையப்பன் பஸ்ஸிலிருந்து போனில் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. மதிய இடைவேளையில் நளினி அவ்வப்போது அந்த எண்ணை அழுத்திப் பார்க்கிறாள். இப்போது எடுப்பது வேறு யாரோ. வங்காள மொழியில் ஏதோ கேட்டுவிட்டு, பதில் புரியாமல் வைத்துவிடுகிறார்.