பதினேழாம் குழாய்

பதினேழாம் குழாயை ஒட்டிய சோதனைத் துளையில் வெப்பமானியை இறக்கி, எடுத்து, துடைத்து, மறுபடியும் இறக்கினாள் ராமசெல்வி. நான்கு டிகிரி. மற்ற துளைகள் எல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே பத்தைத் தாண்டிவிட்டன.

"இன்னா மேடம், வாய் பூரா பல்லு கீது, நடுவுல ஒண்ணு மட்டும் ஓட்டை?" என்றான் குளிரூட்டும் இயந்திரத்தை ஓட்டும் சைமன்.

திருவொற்றியூரில் கழிவுநீர்ச் சுரங்கத்துக்காக அறுபது அடிக் குழி தோண்ட வேண்டும். தோண்டினால் மணலும் நீரும்தான். சுற்றிலும் குழாய்களை இறக்கி, உறைகுளிரில் உப்புக்கரைசலை ஓட்டினால் மண் இறுகி வட்டச் சுவராகும். வடிவமைத்தவள் ராமசெல்வி. வயது முப்பத்திரண்டு. உறைந்த எதையும் அவள் காசிமேட்டு மீன்பெட்டிகளுக்கு வெளியே பார்த்ததில்லை. அவள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை ஏழு பேர் உள்ளே இறங்குவார்கள். சுவரில் ஓர் இடைவெளி இருந்தாலும் மணல் அவர்கள்மேல் வரும்.

பதினைந்து நாட்களாகக் கணக்கைச் சந்தேகித்தாள். பிறகு தன் படிப்பை. மதியங்களில் வேலியை ஒட்டிய அம்மாவின் கடையில் ஒரு பன்னீர் சோடா குடித்துவிட்டு வந்து மறுபடியும் கணக்குப் போட்டாள். சோடா நல்ல குளிர்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை சோடாவைத் தானே எடுக்கப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே துவரம்பருப்பு மூட்டை.

"சோடா எங்கம்மா?"

சீனியம்மாள் கொல்லைப்பக்கம் கைகாட்டினாள். நீல டிரம்மில் போர்த் தண்ணீர் கொட்டி வழிந்தது. பாட்டில்கள் மிதந்தன. வடிவமைப்புக்காகக் கிணறுகளைக் கணக்கெடுத்தபோது அந்த ஆழ்துளைக் கிணறு உப்பென்று கைவிடப்பட்டுக் கிடந்தது.

"ஃப்ரிட்ஜ் எதுக்குட்டி? உன் சுவருதான் குளுர வைக்குல்லா. வார ஆளுகிட்ட எல்லாம் சொல்லுதேன், எம்மவ போட்ட சுவருன்னு."

"மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுது?"

"காலைல போட்டா கடை சாத்துற வரைக்கும். எதுத்த வீட்டு சாபிராவுக்கும் ஒரு டியூப் போட்டுக் குடுத்திருக்கேன், மீன் அலச."

ஓடுகிற நீர் உறையாது. இந்த நீர் பதினேழாம் குழாயைக் கடந்து ஓடிவந்துகொண்டிருந்தது. ராமசெல்வி மோட்டாரை நிறுத்தினாள்.

"பத்து நாளைக்கு இதைப் போடாதம்மா. நீ இழுத்துக்கிட்டே இருந்தா என் சுவர் சேராது."

"நல்லாருக்கே! உன் சுவருக்காகத்தான் இம்புட்டு சனமும் வருது."

மாலையில் கையெழுத்துக்குப் பதிலாகத் தாமத அறிக்கை எழுதினாள். காரணம்: அருகில் நிலத்தடி நீர் இறைப்பு. கிணற்றின் உரிமையாளர் என்ற கட்டத்தில் சற்று யோசித்துவிட்டு, 'வடிவமைப்பாளரின் தாயார்' என்று எழுதினாள்.

மறுநாள் குழியில் யாரும் இறங்கவில்லை. பதினேழாம் குழாய் மூன்று டிகிரி காட்டியது. சீனியம்மாள் பருப்பு மூட்டையை வெளியே எடுத்து ஃப்ரிட்ஜைத் துடைத்து, பாட்டில்களை அடுக்கி, சுவிட்சைப் போட்டாள். சாபிரா பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போனாள். சைமன் ஒன்று வாங்கிக் குடித்தான். சூடாக இருக்கிறது என்றான்.