தகரக் கூரைக்கு இரண்டு கோட்டு வெள்ளை

மற்ற பெயிண்டர்கள் நாலு பேர் பார்த்து ரசிக்கிற சுவரில் அடிப்பார்கள். நாங்கள் அடிப்பதைக் காக்காயும் பூனையும்தான் பார்க்கும்.

மும்பை தாராவியில் தகரக் கூரைகளுக்கு, வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது என் தொழில். நானும் என் நாத்தனார் கோமதியும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து செய்கிறோம். மே மாதத்தில் தகரத்துக்குக் கீழே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஃபேன் போட்டால் சூடான காற்று வரும், போடாவிட்டால் அதுவும் வராது. என்னோடு சேர்ந்து வெந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் சொன்ன இடம்

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது என் வீட்டுக்காரரால். தோல் பை தைக்கிற பட்டறையில் அவருக்கு வேலை. நாலு வருடத்துக்கு முந்திய கோடையில் ஒரு மத்தியானம், மெஷின் மேலேயே தலை சாய்த்துவிட்டார். தூங்குகிறார் என்று பக்கத்து மெஷின்காரர் நினைத்திருக்கிறார். தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாய்க் கொதித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, ஈரத்துணி போட்டு, இரண்டாம் நாள்தான் என்னை அடையாளம் கண்டு பேசினார். அந்த இரண்டு நாள் எனக்கு எப்படிப் போனது என்று எழுத வரவில்லை.

கிளம்பும்போது டாக்டர், "கொஞ்ச நாளைக்கு எங்கேயாவது குளிர்ந்த இடத்தில் படுக்க வையுங்கள்" என்றார். எங்கள் வீட்டுக்கும் தகரம்தான். டாக்ஸியில் வரும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "குளுந்த எடத்துல படுக்கணும்னு சொல்லுதாரு. அதுக்கு எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்னு சொல்லாம விட்டுட்டாரே, செல்வி."

பாதிக் கூரை

கூரைக்கு வெள்ளை அடிக்க ஒரு மகளிர் குழுவில் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த வாரமே போய்ச் சேர்ந்தேன். முதலில் அடித்தது எங்கள் கூரை. இரண்டாவதாக அந்தப் பட்டறைக் கூரையை அடிக்கக் கேட்டேன். முதலாளி சுடலைமுத்து அண்ணாச்சி சிரித்தார். "வெள்ளையப் பாத்து சூரியன் பயந்து ஓடிருமாக்கும்?"

"பாதிக் கூரைக்கு மட்டும் அடிக்கேன் அண்ணாச்சி. ஒரு வாரம் பாருங்க" என்றேன். காலை பத்து மணிக்கு மேல் தகரத்தில் கால் வைக்க முடியாது. அதனால் விடிந்ததும் ஏறி, மேலே கிடந்த டயர், ஓட்டைப் பக்கெட், யாரோ தூக்கிப் போட்ட சைக்கிள் எல்லாவற்றையும் இறக்கி, துருவைத் தேய்த்து, இரண்டு கோட்டு அடித்தோம்.

அஞ்சாம் நாளே அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பைக் காணோம். "ஏம்மா, மிச்சத்தையும் அடிச்சு விடு. பயலுவ பூரா மெஷினத் தூக்கிட்டு அந்தப் பாதிக்குப் போயிட்டானுவ. இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான் உக்காந்திருக்கேன்."

வடாம் காயவில்லை

எல்லாரும் வாழ்த்துவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சியம்மா அக்கா வடாம் போட்டு மாட்டுங்காக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். அவர் கூரைக்கு அடித்த மூன்றாம் நாள் சந்து முனையிலேயே என்னை மறித்துவிட்டார். முன்னெல்லாம் கூரையில் சேலையை விரித்துப் பிழிந்தால் சாயங்காலத்துக்குள் சலசலவென்று காய்ந்துவிடுமாம். இப்போது இரண்டு நாள் ஆகிறதாம்.

அவர் பிள்ளைகள் இருவரும் "அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்" என்று சண்டை. கடைசியில் ஒரு தகரத்தை மட்டும் கழற்றிவிட்டுப் பழைய தகரம் ஒன்றை மாட்டினோம். அதற்கு வெள்ளை அடிக்காமல் விட்டாயிற்று. கீழே அடுப்படி வருகிறதே என்று எனக்குக் கவலை. அக்கா கையை வீசினார்: "அடுப்பும் வடாமும் சூட்டுலயே கெடக்கட்டும்ட்டி. மனுசங்க இந்தப் பக்கம் படுத்துக்கிடுதோம்."

மாட்டுங்கா மொட்டைமாடி

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் கடைசி மாடி வீடு. வித்யா என்று ஒரு பெண், பேங்க் வேலை. மொட்டைமாடிக்கு வெள்ளை அடிக்க எங்களைக் கூப்பிட்டது அவள் அம்மா. வித்யா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஆன்ட்டி, இதெல்லாம் பண்ணி என்ன ஆகப்போறதுன்னு உங்களுக்குத் தோணாதா? வருஷா வருஷம் சூடு ஏறிண்டேதானே இருக்கு?" என்று கேட்டாள்.

"தோணும்மா. ஏணியில கால வைக்கையில தெனமும் தோணும்" என்றேன். அவள் கோமதியிடமிருந்து ரோலரை வாங்கி அடிக்க ஆரம்பித்தாள். முதல் வரிசை கோணல்மாணல். நாலாவது வரிசை எங்களைவிட நேர்த்தி. நாங்கள் சாமான்களைக் கட்டும்போது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "எந்நேரமும் போனை வச்சுண்டு உலகம் அழியறதையே பாத்துண்டிருப்பா. இன்னிக்குத்தான் வந்து, 'அம்மா, பசிக்கறது, தட்டைப் போடு'ங்கறா."

கீழே வந்த தண்ணீர்

வடாலாவில் ஜெயா என்ற பெண்ணின் வீட்டுக்கு ஏப்ரலில் அடித்தோம். ஜூலையில் அவள் சந்து முழங்கால் தண்ணீரில் நின்றது. "உடனே வாங்கக்கா" என்று போன். ரயில் ஓடவில்லை, மறுநாள்தான் போக முடிந்தது. கூரை ஒழுகியிருக்கும், திட்டப்போகிறாள் என்று வழியெல்லாம் பதில் தயார் பண்ணிக்கொண்டு போனேன்.

கட்டில் செங்கல் மேல் நின்றது. பிள்ளைகளின் புத்தகங்கள் கொடிக்கயிற்றில் தொங்கின. கூரை ஒழுகவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேலே வெயிலைத் தடுத்துவிட்டோம் என்று பெருமை பேசியிருந்தேன். தண்ணீர் வாசல் வழியாக வந்திருக்கிறது. "இதுக்கு என் பெயிண்டு ஒண்ணும் செய்யாதே, ஜெயா" என்றேன்.

"பெயிண்ட யாரு கேட்டா? சந்துல எல்லாருமா சேந்து ஞாயித்துக்கெழம சாக்கடையில அடைச்சிருக்க குப்பைய அள்ளப் போறோம். கூரை மேல ஏறுத பொம்பளைக்குச் சாக்கடையில எறங்கத் தெரியாதா என்ன?"

இடிக்கப் போகிற வீடு

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் ஜெயா சந்துச் சாக்கடையில் போய் இறங்கினோம். அடுத்த பெரிய மழையில் தண்ணீர் ஜெயாவின் வாசல்படியோடு நின்றது.

இந்த வருடம் ராணி என்ற பெண் கூப்பிட்டாள். கைக்குழந்தைக்காரி. எங்கள் பகுதியையே இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு நடக்கிறது. அவள் வீட்டையும் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். "இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்கும்மா?" என்று நானே கேட்டுவிட்டேன். குழந்தையின் கழுத்தில் வேர்க்குரு சிவந்து கிடந்தது. அதற்கு விசிறிக்கொண்டே சொன்னாள்: "இடிக்கிற அன்னிக்கு இடிக்கட்டும்க்கா. அதுக்கு முன்னால ஒரு மே மாசம் வருதுல்லா?"

நாலு கோடையில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: பயம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை, ஆனால் காலை ஆறிலிருந்து பத்து வரைக்கும் அதைக் கவனிக்க எனக்கு நேரம் இருப்பதில்லை.