அப்பா வேண்டாம் என்ற மரியாதை

மலையாள மண்ணின் வலியசாலைத் தெருவில் பிறந்து, ஐந்து நாடுகளில் நம் தேசத்தின் தூதராக இருந்து, பிறந்த தெருவிலேயே கண்மூடிய எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவுக்காக இதை எழுதுகிறேன். பெருமைகளைச் சொல்ல அண்ணா இருக்கிறார். நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

கல்லூரியில் படிக்கும்போதே அப்பா, சமஸ்தான ஆட்சிக்கு எதிராகத் துண்டறிக்கை அச்சடித்துத் தலைமறைவானார். அந்த நாட்களில்தான் தாத்தா காலமானார். கொள்ளி வைக்க மூத்த மகன் வந்துதானே ஆக வேண்டும்? அது போலீஸுக்கும் தெரியும். துக்கம் கேட்க வந்தவர்களைப் போலத் தெருவில் காத்திருந்தார்கள். பாடை கிளம்புவதற்கு முன்பே அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவின் அத்தை மகளான அம்மா, அப்போது சின்னப் பெண், இதை வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

நாடு விடுதலையான பிறகு வெளியுறவுத் துறை வேலை. கோட்டு போட்டுக்கொண்டு அமைச்சர்களோடு விருந்து சாப்பிட்ட காலத்திலும் அப்பா வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். ஓர் ஆப்பிரிக்க நாட்டில், எதிர்வீட்டுத் தோட்டக்காரர் இரண்டு நாளாக வரவில்லை என்பதைக் கவனித்து, எங்களைப் பெட்டி கட்டச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். மூன்றாம் நாள் காலையில் தெரு முழுக்க ராணுவ வண்டிகள் நின்றன. அதன்பிறகு அப்பாவின் பயத்தைப் பார்த்து நாங்கள் யாரும் சிரித்ததில்லை.

கடைசி மாதங்களில் அந்தப் பயம் வீட்டோடு வந்து தங்கிவிட்டது. தெருமுனைக் கம்பத்தில் புதிதாக வைத்த கேமராவைக் காட்டி, "அது யாரைப் பாக்கறது?" என்று கேட்பார். ஒருநாள் என் கையை வலிக்கப் பிடித்துக்கொண்டு, "என் காரியத்துக்குப் போலீஸ் வரப்படாது, கேட்டயா? சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

அப்பா காலமான அன்று, தியாகிகளுக்கான அரசு மரியாதை செய்யப் போலீஸார் வருவதாகத் தகவல் வந்தது. "சர்க்கார் மரியாதையாக்கும். வேண்டாம்னு சொன்னா நன்னாருக்குமோ?" என்றார் அண்ணா. சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளூர ஆசைதான். தலையாட்டிவிட்டேன்.

தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருந்த அம்மா, விருட்டென்று எழுந்து வந்து அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வந்துட்டா! கொல்லைப்பக்கமா ஓடிடுங்கோ. மாமாவுக்குக் கொள்ளிய வேற யாராவது வெக்கட்டும். எழுந்திருங்கோ!"

வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். தொப்பியைக் கழற்றி, தாங்கள் போய்விடுவதாகவும் இனி யாரும் வரமாட்டார்கள் என்றும் மலையாளத்தில் சொன்னார்.

"ஞங்ஙள் போகுன்னு அம்மே. இனி ஆரும் வரில்ல."

தம் ஆட்களை அழைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். மரியாதைக்கான துப்பாக்கி வெடிக்கவில்லை. அண்ணா கொள்ளி வைத்தார்.

நாங்கள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்ட அந்த அதிகாரிக்கு எங்கள் முதல் நன்றி. படுக்கையில் அப்பாவைக் கவனித்துக்கொண்ட செவிலியருக்கும், தோள்கொடுத்த தெருக்காரர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து உடனிருந்த உறவினர்களுக்கும் நன்றி. அப்பாவிடம் நான் கேட்பது மன்னிப்பு.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோளும் உண்டு. அம்மா இன்றும், "அவரைப் பிடிச்சுட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வரும்போது உங்களிடமும் கேட்பார். தப்பித்துவிட்டார் என்று சொல்லுங்கள்.