தூணுக்கும் கும்பிடு போட்ட மச்சான்

போன ஞாயிறு எங்கள் மாதா கோயில் பூசையில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கோயிலே சிரித்துவிட்டது.

என் மனைவிக்கு ஒரே அண்ணன். அடுத்த தெருவில்தான் வீடு. மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. காரணம்? என் மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், மச்சான் இலையில் விழுந்த பிரியாணியில் ஒரு துண்டு கறி இல்லை! திண்டுக்கல்லில் இது சின்ன விஷயமா? பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். பரிமாறியது சமையல்காரரின் ஆள். கோபம் என் மேல்.

"எங்கண்ணன் வரலைன்னா இந்த வீட்ல கிறிஸ்துமஸே கிடையாது. போய்ப் பேசுங்க" என்று அழுதாள் மனைவி.

நானா? டவுன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.

யோசித்தேன். பூசை வைக்கும் சாமியார் சொன்னதும், பக்கத்தில் இருப்பவர்களைக் கும்பிட்டு 'சமாதானம்' சொல்வோம் அல்லவா? அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ள, மச்சானுக்கு நேர் பின்னால் போய் நின்றேன். திரும்பித்தானே ஆக வேண்டும்?

நேரம் வந்தது. மச்சான் வலப்பக்கம் கும்பிட்டார். இடப்பக்கம் கும்பிட்டார். முன்னால் கும்பிட்டார். ஓரத்துத் தூணுக்குக்கூட ஒரு கும்பிடு... பின்னால் மட்டும் திரும்பவில்லை! பெண்கள் பக்கமிருந்து மனைவி கண்ணாலேயே என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

மெல்லத் தோளைத் தொட்டேன். யாரோ என்று நினைத்து, கூப்பிய கையும் சிரித்த முகமுமாகத் திரும்பினார். பார்த்தால் நான்! கோயிலுக்குள் கூப்பிய கையை எப்படி இறக்குவது?

"சமாதானம்" — பல்லிடுக்கிலிருந்து வந்தது.

நானும் அதையே சொல்லியிருக்கலாம். பதற்றத்தில், "மன்னிச்சிருங்க மச்சான், அந்தக் கறி..." என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பாடிக்கொண்டிருந்த பாட்டு அப்போதுதானா நிற்க வேண்டும்? கோயில் முழுக்கச் சிரிப்பு.

"யோவ் மாப்ள, மெதுவாய்யா! சாமியாரு பாக்குறாரு!"

மூன்று மாதத்தில் முதல் பேச்சு.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டே முறைத்தார். "நான் ஒண்ணும் மன்னிக்கல. கோயில்ல வச்சுக் கேட்டா வேற என்னத்தச் செய்ய?"

"அப்ப கிறிஸ்துமஸுக்கு வருவியாண்ணே?" என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சியபடி.

"வாரேன், அழுகாத. ஆனா, தப்பு என் மேல இல்ல... ஆமா."

'என் மேலயும் இல்ல மச்சான்' என்று தொண்டை வரை வந்ததை அப்படியே விழுங்கினேன். தகுதி பார்த்தா ஆண்டவர் நம்மை உள்ளே சேர்த்துக்கொள்கிறார்? அருள் என்பது அதுதானே!

தப்பு யார் மேல் என்று தீர்ந்த பிறகுதான் சமாதானம் என்றால்... போன ஞாயிறு பூசை இன்னும் முடிந்திருக்காது.