கம்பியை வெட்டப் போன காலை

நான் அஞ்சாவது தாண்டாதவன். ஆனாலும் போத்தனூரில் சொந்த உழைப்பில் மூணு லேத் போட்டுப் பட்டறை வைத்தவன். தொண்ணூறுகளில் கோவைப் பொருட்காட்சியில் மாதிரி விமானப் போட்டி வைத்தார்கள். முதல் உலகப்போர் காலத்து இரட்டை இறக்கைப் போர்விமானத்தை அலுமினியத்தில் ஒரு நூல் பிசகாமல் செய்து வைத்தேன். என்னை மிஞ்ச ஆளில்லை என்றுதான் இருந்தேன்.

பக்கத்து மேசையில் வாட்ச் ரிப்பேர் செய்யும் காதர் பாயின் மரவிமானம். இறக்கைகளுக்கு நடுவே தலைமுடி போல மெல்லிய கம்பிகள், அத்தனையும் விறைப்பாக. கூட்டம் முழுக்க அங்கேதான் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை, நடுவர்கள் வருமுன் அந்தக் கம்பிகளை வெட்டிவிட கட்டிங் பிளையரோடு போனேன். பாய் என் விமானத்தின்மேல் குனிந்திருந்தார்.

"ஏனுங்க பாய், என் பிளேன்ல எதுக்குக் கை வைக்கறீங்க?"

"கோவிச்சுக்காதீங்ணா. மூக்குல இருக்கற விசிறியை முன்பக்கம் பின்னால வர்ற மாதிரி மாட்டிப்போட்டீங்க. பாத்தா நடுவருங்க சிரிப்பாங்கல்ல? திருப்பி மாட்டிட்டேன், நட்டுதான் கையில இறுக மாட்டேங்குது. அட, பிளையர் கொண்டாந்திருக்கீங்களே! குடுங்க."

கொடுத்தேன். நட்டை இறுக்கிவிட்டுத் திருப்பித் தந்தார்.

முதல் பரிசு அவருக்குத்தான். முதலில் கை தட்டியவன் நான். "பெரிய மனசுங்ணா உங்களுக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு எதற்காக வந்தேன் என்று அவரிடம் இன்னமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதல்முதலாகச் சொல்கிறேன்.