சக்கர நாற்காலியின் மேல் பூசணிக்காய்

ஏற்காடு கடைவீதி மருந்துக்கடையின் ஷட்டரைக் காலையில் தூக்குகிறவள் சசிரேகா. ஷட்டர் தூக்கக் கைதான் வேண்டும், அவளுக்குக் கைகள் நல்ல பலம். வலது கால்தான் இரண்டு வயதில் வந்த போலியோவுக்குப் பிறகு ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. அப்பாவும் அம்மாவும் காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்தே வயதானவர்கள். சரிவில் செடிக்குச் செடி தாவ இரண்டு கால் வேண்டும், படிக்க ஒன்றே போதும் என்று சிறுவயதிலேயே கணக்குப் போட்டு, சேலத்தில் தங்கி மருந்தாளுநர் படிப்பை முடித்தாள். வாழவந்தியின் எஸ்டேட் தொழிலாளர் லயன் வீடுகளிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் அவள்.

வாழவந்தியிலிருந்து ஏற்காட்டுக்கு வர அரசு கொடுத்த ஸ்கூட்டர் இருக்கிறது. பின்சக்கரத்துக்கு இருபுறமும் கூடுதல் சக்கரங்கள் வைத்தது. பனிமூட்டமோ மழையோ, வளைவுகளில் அவள் ஓட்டுவதைப் பார்த்தால் இவளா நடக்க முடியாதவள் என்று தோன்றும். வண்டியை விட்டு இறங்கும் இடத்தில்தான் தொல்லை தொடங்கும்.

மருந்துக்கடை வாசல் முழுக்க டாக்ஸி ஸ்டாண்டு. அதனால் சசிரேகா கீழே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, கக்கத்தில் கட்டையை ஊன்றி, மேடேறி வர வேண்டும். பாசி பிடித்த சிமெண்டுச் சரிவு அது. கால் நன்றாக இருப்பவர்களே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். அவள் மேலே வந்து சேர்வதற்குள் கடைவாசலில் சர்க்கரை நோயாளிகள் முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள்.

கடை முதலாளி கிறிஸ்துதாஸ் கெட்டவர் அல்ல. ஆனால் வியாபாரி.

"சசி, சரக்கெடுக்க நான் விடியவே சேலம் எறங்கிடறேன். நீ வர்ற வரைக்கும் கடை பூட்டிக் கெடக்குது. வந்தவங்க எதுத்த கடைக்குப் போயிடறாங்க. உன்னயக் குத்தம் சொல்லல சாமி. ஆனா மே மாச சீசனுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணிக்க. கிளியூர்ல ஒரு புள்ள வேலை கேட்டுக்கிட்டிருக்குது. ரெண்டு காலும் நல்லாருக்குது."

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. திரும்பி, அடுக்கில் இருந்த இருமல் மருந்துப் பாட்டில்களை நேராக்கினார்.

கடைவாசலில் ஒரு வண்டி நிற்கும் அளவு இடம். சசிரேகாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிக்கு அப்படி இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்று செல்போனில் படித்துத் தெரிந்துகொண்டு மனு எழுதினாள்.

முதல் அலுவலகத்தில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். காட்டினாள். அது பழைய அட்டை, புதியது வேண்டும் என்றார்கள். புதியதை வாங்கிக்கொண்டு போனபோது, வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து ஒருவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல சாதாரண ஸ்கூட்டர்னுதானே இருக்குது? கூடுதல் சக்கரம் ஏறலயே."

"வண்டி வெளிய நிக்குதுங்க. எட்டிப் பாருங்க, சக்கரம் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகுதும்மா? புத்தகத்துக்குத் தெரியணும். அதுல இல்லாத சக்கரத்துக்கு நாங்க எப்படி எடம் குடுக்கறது?"

புத்தகத்தில் சக்கரத்தை ஏற்றக் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் இறங்கிச் சேலம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்தவர் டாக்டர் சான்றிதழ் கேட்டார். கால் இன்னமும் அப்படியேதான் இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டுமாம்.

"முப்பத்தஞ்சு வருசமா இப்படியேதானுங்க இருக்குது."

"அது போன வருசம் வரைக்கும். இந்த வருசம்?"

அவர் கேலி செய்யவில்லை. மெய்யாகவே கேட்டார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. வரிசையில் நின்ற பத்துப் பேருக்கு முன்னால் பாவாடையை முழங்கால் வரை தூக்கி, "நீங்களே பாத்துச் சொல்லுங்க, வளந்திருக்குதா?" என்று கேட்டாள். அவர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

இந்த அலைச்சலுக்கெல்லாம் அலுவலகங்கள் வைத்திருக்கும் பெயர் 'சலுகை கோருதல்'. நடக்கத் தெரிந்தவன் கடைவாசலில் காரை நிறுத்தி இறங்கினால் அது வசதி. நடக்க முடியாதவள் அதே வாசலில் இறங்கினால் சலுகை. யார் வீட்டுப் பணத்தில் யாருக்குச் சலுகை? அந்தச் சாலையில் அவள் கட்டிய வரியும்தான் தாராகிக் கிடக்கிறது.

ஒருவழியாக மாசி மாதம் ஓர் ஊழியர் பெயின்ட் டப்பாவோடு வந்து, டாக்ஸி வரிசையின் தலைமாட்டில், மருந்துக்கடைப் படிக்கு நேர் எதிரே, நீலக் கட்டம் போட்டு அதில் வெள்ளையாகச் சக்கர நாற்காலி வரைந்தார். சசிரேகா படியில் நின்று காயும்வரை பார்த்தாள். ஓட்டுநர்களும் கை கட்டி நின்று பார்த்தார்கள். ஸ்டாண்டுத் தலைவர் சின்னராஜ் பக்கத்தில் வந்தார்.

"நொம்ப சந்தோசமுங்க அம்மிணி. ஆனா இத வரிசைக்குக் கடைசில போட்டிருக்கலாமில்லீங்க?"

"கடைசில போட்டா மறுபடி மேடேறணுங்களே, அண்ணா."

"அதுக்குச் சொல்லலீங்க..." என்று இழுத்தவர், எதற்குச் சொன்னார் என்பதைச் சொல்லாமலே போய்விட்டார்.

மறுநாள் அவள் வந்தபோது நீலக் கட்டத்தின்மேல் ஒரு டாக்ஸி நின்றது. பஞ்சராம். அதற்கு மறுநாள் இன்னொன்று. பேட்டரி இறங்கிவிட்டதாம். "இதா எடுத்தர்றனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குள் போனவன் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் கார் ஒன்று நின்றது. தரையில் இருக்கும் படத்தைக் காட்டினாள். காரிலிருந்து இறங்கிய பெரியவர், "அஞ்சு நிமிஷம்மா, எங்களுக்கும் முட்டி வலிதான்" என்று சிரித்துவிட்டுப் படகுச் சவாரிக்குப் போனார். அவள் பழையபடி ஏரிக்கரைக்கே இறங்கி, பழையபடி மேடேறி, பழையபடி தாமதமாக ஷட்டரைத் தூக்கினாள். சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. கிளியூர்ப் பெண் ஒருநாள் வந்து கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அமாவாசைக்கு மறுநாள் காலை இடம் காலியாக இருந்தது. சசிரேகாவுக்கு நம்பவே முடியவில்லை. பனிமூட்டத்தில் தரை தெரியவில்லை. மகிழ்ச்சியோடு வண்டியை நிறுத்தி, கட்டையை ஊன்றினாள். கட்டை வழுக்கிக்கொண்டு போனது. முழங்கையும் முழங்காலும் அடிபட விழுந்தாள். உள்ளங்கையில் கொழகொழவென்று சிவப்பாக ஏதோ ஒட்டியது. ரத்தம் என்று பதறி, பிறகு விதையைப் பார்த்தாள். பூசணிக்காய். உள்ளே குங்குமம் கொட்டி, சூடம் கொளுத்தி, திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய். ஒவ்வொரு அமாவாசையும் ஸ்டாண்டு முனையில் உடைப்பதை இந்த முறை, தேடிப் பிடித்து, சக்கர நாற்காலிப் படத்தின் மேல் உடைத்திருந்தார்கள்.

"அய்யய்யோ, அம்மிணி!" என்று ஓடி வந்து தூக்கியவர்கள் ஓட்டுநர்கள்தான். உடைத்தவர்களும் அவர்களே. சின்னராஜ் தன் துண்டால் அவள் கையைத் துடைத்தார். அவள் துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யாருக்குக் கழிச்சீங்க, அண்ணா? எனக்கா?"

வரிசையிலேயே இளையவன் கார்த்திதான் பொறுக்க மாட்டாமல், "சொல்லிப்போடுங்கண்ணா. எத்தன நாளைக்கு அவங்ககிட்ட பஞ்சர், பஞ்சர்னே சொல்றது?" என்றான்.

சின்னராஜ் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க தங்கமான புள்ள. ஆனா காலைல மொதச் சவாரிக்கு வண்டி எடுக்கறப்ப, எதுத்தாப்புல... கட்டையும் கையுமா நீங்க எறங்குவீங்க. சகுனம்னு ஒன்னு இருக்குதுங்களே. செம்மநத்தம் ரோட்டுல ஐயாக்கண்ணு வண்டி பள்ளத்துல எறங்குச்சே, அன்னிக்கு உங்க மூஞ்சியிலதான் முழிச்சுட்டுப் போனான்."

"ஐயாக்கண்ணு அண்ணன் வண்டில பிரேக்கு தேஞ்சுபோச்சுன்னு ரெண்டு மாசமா எங்க கடை வாசல்லதான் நின்னு பொலம்புனாரு. அத மாத்தாம, என் காலையா பாத்துக்கிட்டிருந்தீங்க?"

கார்த்தி சிரித்துவிட்டான். பெரியவர்கள் முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

அன்று மாலை வீட்டில் அம்மா பாவாயி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்திக்கயேன் கண்ணு. அவங்களும் பொழைக்கணுமில்ல. ஊர் ஒலகத்துல இல்லாததயா சொல்லிப்புட்டாங்க?"

சசிரேகாவுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொட்டு மருந்தோடு நர்ஸ் எஸ்டேட் லயனுக்கு ஏறி வந்த நாள் அஷ்டமி. குழந்தையை அன்று வெளியே தூக்கக் கூடாது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த தடவைக்கு முன்பே காய்ச்சல் வந்துவிட்டது. இந்தக் கதையை அம்மாவே அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள். மறுபடி அதை எடுத்து அவள்மேல் வீசி என்ன ஆகப் போகிறது? படிக்க விடாமல், பழம் பறிக்க மட்டும் விட்டு வைத்திருந்த ஒரு பெண்ணின் தலையில் அஷ்டமியையும் நவமியையும் ஏற்றிவிட்டவர்கள் யாரும் அந்தக் காலுக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவள் மட்டும்தான் தைலம் தேய்க்கிறாள்.

"தள்ளி நிறுத்த மாட்டம்மா" என்றாள் சசிரேகா. "தள்ளித் தள்ளித்தான் ஏரிக்குள்ளயே போயிருவேன் போலிருக்குது."

மறுநாள் நீலக் கட்டத்தில் சின்னராஜின் வண்டியே நின்றது. உள்ளே ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்து, முதல் சவாரிக்குத் தயாராக இருந்தது. சசிரேகா ஹாரன் அடிக்கவில்லை, கெஞ்சவில்லை. அந்த வண்டியின் மூக்குக்கு நேரே குறுக்காக ஸ்கூட்டரை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஷட்டரைத் தூக்கி உள்ளே போனாள். பின்னாலேயே அடுத்த டாக்ஸி ஒட்டி நின்றதால் சின்னராஜால் அசைய முடியவில்லை.

"ஏனுங்க அம்மிணி! சவாரி காத்துக்கிட்டிருக்குதுங்க!"

"இருங்கண்ணா, சுகர் மாத்திரை குடுத்துட்டு வர்றேன். எனக்குத்தான் கால் மெதுவாச்சே."

ஒரு மாத்திரை அட்டைக்கு அன்று அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் காரிலிருந்த குழந்தைகள் இறங்கி, ஐஸ்கிரீம் வாங்கித் தின்றே முடித்துவிட்டார்கள். அடுத்த நாளும் இதே கூத்து நடந்தது. மூன்றாம் நாளிலிருந்து இடம் காலியாகக் கிடந்தது.

அவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அவள் முகத்தில் படாமல் புறப்பட ஸ்டாண்டுக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். முதல் சவாரியை முன்பக்கம் எடுக்காமல், கடைசியில் நிற்கும் வண்டியிலிருந்து பின்பக்கமாகவே எடுத்தார்கள். கடைவீதியோ ஒருவழிப்பாதை. சீசனுக்காக மேலே வந்திருந்த போக்குவரத்துக் காவலர் கையில் அபராத மெஷினோடு திருப்பத்தில் நின்றிருந்தார். முதல் நாள் மாட்டியவன் கார்த்தி. மறுநாள் இருவர். அதற்கு மறுநாள் சின்னராஜே மாட்டினார். "அந்தப் பக்கம் ஒரு காரணமிருக்குதுங்க சார்" என்று அவர் தொடங்க, "என்ன காரணம்?" என்று காவலர் கேட்க, சின்னராஜால் அதைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

இப்போது வண்டிகள் முன்பக்கமே புறப்படுகின்றன. கடை நேரத்துக்குத் திறக்கிறது. கிளியூர்ப் பெண்ணையும் சீசனுக்குச் சேர்த்துக்கொண்ட கிறிஸ்துதாஸ், அவளுக்கு மருந்துப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும் வேலையைச் சசிரேகாவிடமே விட்டுவிட்டார். சகுனம் மட்டும் சாகவில்லை. சின்னராஜ் நீலக் கட்டத்தைக் கடக்கும்போது வெயிலே இல்லாத பனியிலும் கண்ணாடிக்கு மேலிருக்கும் மறைப்புப் பலகையை இறக்கிவிட்டுக்கொள்கிறார்.

அவர் பலகையில் கை வைப்பதைப் பார்த்ததும் சசிரேகா ஸ்கூட்டர் ஹாரனை அழுத்துகிறாள். என்னவோ ஏதோவென்று அவர் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

"வணக்கமுங்கண்ணா" என்கிறாள். "பிரேக்கைப் பாத்துக்கிட்டீங்களா?"