இருபது வார்த்தை

ஆதிலட்சுமி மூன்று நாளாக ஒரு ஜெராக்ஸ் தாளிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். அதில் இருபது வார்த்தை. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ‘இருளர் பேச்சு’. சாதி விசாரணையில் இதிலிருந்துதான் கேட்பார்கள், மனப்பாடம் பண்ணிக்கோங்க என்று இருளர் சங்கத்து சாமுவேல் கொடுத்துவிட்டுப் போனது. மகள் வளர்மதிக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் காட்டாவிட்டால் அந்த சீட்டு வேறொருத்திக்கு.

ஆதிலட்சுமிக்குப் படிக்கத் தெரியாது. காலையில் மகள் வாசிக்க, கூடவே சொல்லிப் பார்த்துவிட்டு நடவுக்குப் போவாள். நாலு நாற்று ஊன்றுவதற்குள் அத்தனையும் சேற்றில் போய்விடும். அது மலைக்காட்டு இருளர் பேச்சாம். சமவெளியில் இருக்கும் அவள் ஊர் மாகறலில் அந்த வார்த்தைகளைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை, திட்டியதில்லை, சோறு போட்டதில்லை. பிறகு எதைப் பிடித்துக்கொண்டு அவை மனதில் நிற்கும்?

அவள் ஒன்றும் மறதிக்காரி இல்லை. சுற்றியுள்ள கழனிகளுக்கெல்லாம் அவர்கள் ஜனம் வைத்த பெயர் உண்டு. ‘பாம்பு கடிச்சது’, ‘மாமன் விழுந்தது’, ‘அடி வாங்கினது’. அந்த ‘அடி வாங்கின’ கழனியில் யார், யாரை, எந்தக் கம்பால் அடித்தார்கள் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பட்டா எண் கேட்டால்தான் ஒருத்தருக்கும் தெரியாது.

புதன்கிழமை விசாரணை. அதிகாரியின் மேசையிலும் அதே ஜெராக்ஸ் தாள் கிடந்தது. முதலில் வளர்மதியைக் கேட்டார். அவள் இருபதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்காங்க என்று அவர் பக்கத்திலிருந்த கிளார்க்கைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தாயிடம் திரும்பினார்.

“தண்ணிக்கு உங்க பாஷைல என்னம்மா?”

காலையில்கூடச் சொல்லிப் பார்த்த வார்த்தை. வரவில்லை.

“தண்ணி” என்றாள்.

“அது தமிழ்மா.”

“எங்க வூட்ல அப்டித்தான் கேப்போம் சார்.”

அடுத்து நெருப்பு, பிறகு எலி. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுதி முடித்து, மைப்பெட்டியை நகர்த்தி, கைநாட்டு வைக்கச் சொன்னார். பொண்ணு மனப்பாடம் பண்ணியிருக்கு, அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல, நான் எப்படி எழுதறது என்று கிளார்க்கிடம் அலுத்துக்கொண்டார். தெரிந்தால் யாரோ சொல்லிக்கொடுத்தது. தெரியாவிட்டால் இருளச்சியே இல்லை. ஆதிலட்சுமி மைப்பெட்டியைத் தொடவில்லை.

“இன்னா எய்திகீறாரு, படி” என்றாள் மகளிடம்.

வளர்மதி எட்டிப் பார்த்தாள். “தெரியவில்லைன்னும்மா. மூணு எடத்துல.”

ஆதிலட்சுமி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“தெரியலன்னு நான் எப்ப சார் சொன்னேன்? தண்ணின்னு சொன்னேன். நான் சொன்னத எய்து. எய்தாம இந்தக் கை வராது.”

வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், போம்மா என்று கிளார்க் அதட்டினான். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், அதிகாரி எழுதியதை அடித்துவிட்டுத் ‘தண்ணி’ என்று எழுதினார்.

“எலிக்கு?”

“எந்த எலி? குட்டி போட்டு வளை வாய மண்ணால அடைச்சிக்கினு கீறதா, அறுப்பு முடிஞ்சி கதிர உள்ள இய்த்துக்கினு போறதா? ஒவ்வொண்ணையும் வேற மாதிரி பிடிக்கணும். எய்திக்கோ சார்.”

தாளில் பதிலுக்கு விட்டிருந்த கட்டம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. இருபதும் முடியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வளர்மதி முழுக்கப் படித்துச் சரிதான் என்ற பிறகே ஆதிலட்சுமி விரலை நீட்டினாள்.

நான் ரிப்போர்ட் அனுப்புவேன், முடிவு மேலதிகாரி கையில் என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றியபடி. வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

“அந்த மேலதிகாரி பேரு இன்னா, எந்த ரூம்ல குந்திக்கினு கீறாரு? ஒரு தபா சொல்லு சார், போதும். மறக்க மாட்டேன்.”